திரிஷ்ணா (பாய்மரப் படகு)

திரிஷ்ணா என்பது பாய்மரப் படகில் உலகைச் சுற்றிவந்த முதல் இந்தியக் குழு பயன்படுத்திய படகு ஆகும். இந்தியத் தரைப்படையின் பொறியாளர் பிரிவைச் சேர்ந்த இக்குழு, லெப்டினன்ட் கர்னல் கே. எஸ். ராவ் தலைமையில் 1985 செப்டம்பர் 28 அன்று மும்பையிலிருந்து (அன்றைய பம்பாய்) புறப்பட்டது. ஏறத்தாழ 30,000 கடல் மைல் பயணித்து 1987 சனவரி 10 அன்று அங்கேயே திரும்பியது.

படகின் தேர்வு

திரிஷ்ணா இப்பயணத்திற்கெனக் கட்டப்பட்டதன்று. இங்கிலாந்தில் வாங்கப்பட்ட பழைய படகாகும். 37 அடி நீளமுள்ள இது, பின்லாந்தில் கட்டப்பட்ட சுவான் வகையைச் சேர்ந்தது. பந்தயத்திற்கும் நெடும்பயணத்திற்கும் ஏற்றவாறு இவ்வகை வடிவமைக்கப்பட்டது. கண்ணாடி இழையாலான கனத்த உடலும், அடியில் எடைமிக்க ஈயமும் கொண்டதால் இது பெருங்கடலைத் தாங்கவல்லது.

பழைய பந்தயப் படகுகள்

பழைய பந்தயப் படகுகள் அனைத்தும் நெடும்பயணத்திற்கு உகந்தவை அல்ல. 1970களில் வேகத்திற்காகப் பல படகுகளின் எடை குறைக்கப்பட்டு அகலம் கூட்டப்பட்டது. அகன்ற, எடை குறைந்த படகு கவிழ்ந்தால் நிமிராமல் தலைகீழாகவே மிதக்கக்கூடும். 1979 பாஸ்ட்நெட் பந்தயத்தின்போது வீசிய புயலில் போட்டியாளர்கள் 15 பேர் உயிரிழந்தனர். அதன் பின் நடந்த ஆய்வுகள் இக்குறைபாட்டை வெளிப்படுத்தின.

ஆகவே, படகின் வயதைவிட அதன் வடிவமே முதலில் கருதத்தக்கது. அடுத்து, அடிப்பகுதி எடையைப் பிணைக்கும் திருகாணிகள், சுக்கான், பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகள் ஆகியவற்றைச் சோதித்தல் வேண்டும். இவை துருவாலும் தேய்மானத்தாலும் வெளியே தெரியாமல் வலுவிழப்பவை. நடுக்கடலில் இவற்றுள் ஒன்று முறிந்தாலும் உயிருக்கு ஆபத்து நேரும்.