அளவுகோலும் தூக்குமரமும்: இருளர் பற்றிய ஆய்வில் ஓர் அறவினா

தமிழாய்வு ஏட்டுச் சுவடிகளோடு நில்லாது மக்கள் வாழிடங்களை நோக்கிச் செல்லத் தொடங்கி நெடுங்காலமாயிற்று. வழக்குச் சொல்லையும் நாட்டுப் பாடலையும் தேடிச் செல்வோர் அவற்றை யாரிடமிருந்து எம்முறையில் பெறுகின்றனர் என்னும் வினா மட்டும் நம் ஆய்வேடுகளில் போதிய இடம் பெறவில்லை. பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் ஆகிய ஊர்களைச் சூழ்ந்த பகுதிகளில் வாழும் இருளர் மக்களை முன்னிறுத்தி அவ்வினாவை ஈண்டு ஆராய்வோம்.

இருளரைப் பற்றி எழுதுவோர் பெரிதும் எடுத்தாள்வது எட்கர் தர்ஸ்டன், ரங்காச்சாரியின் துணையோடு 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட ‘தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்’ என்னும் நூலாகும். 1885இல் சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளரான தர்ஸ்டன், 1901இல் மாகாண இனவரைவியல் பணியின் பொறுப்பையும் ஏற்றார். அவர் நீலகிரி இருளரையும் செங்கற்பட்டு இருளரையும் வேறுபடுத்தி, பின்னவர்க்கு வில்லியர் என்னும் பெயர் உண்மையையும் குறித்துள்ளார். பூந்தமல்லி அந்நாளில் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சார்ந்திருந்தமையின், இப்பகுதி இருளரை ஆராய்வோர்க்கும் அந்நூலே தலைவாயிலாயிற்று.

அதன் முன்னுரையில் ஒரு நிகழ்ச்சி சொல்லப்பட்டுள்ளது. நீலகிரி இருளர் ஒருவர் தம் உடலை அளந்துகொள்ளுமாறு வந்தார். பழைய சிறு குற்றம் ஒன்றிற்காகத் தேடப்பட்டு வந்தவர் அவர். உயரம் அளக்கும் கோலைக் கண்டதும், அது தூக்குமரம் எனக் கூறி அளவைக்கு உடன்பட மறுத்துவிட்டார். தர்ஸ்டன் இதனை நகைச்சுவை தோன்றவே எழுதியுள்ளார். நாமும் வகுப்பறையில் இதனைப் படித்து நகைத்துள்ளோம்.

அந்நகைப்பு முறையன்று என்பது வரலாற்றை நோக்கின் புலனாகும். குற்றவாளிகளை அடையாளங்காணும் பொருட்டு உடலளவை முறையைச் சென்னைக் காவல்துறையினர்க்குப் பயிற்றியவர் அதே தர்ஸ்டன். ஒரு கோல் ஆய்வுக் கருவியாகவும் காவல் கருவியாகவும் இருந்தது. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டத்தால், காட்டில் வாழ்ந்தோர் வழிவழியாகச் செய்து வந்த தொழில்கள் பல குற்றங்களாயின. இந்நிலையில் அளவுகோலை ஐயுற்ற மனிதர் அறியாமையால் ஐயுற்றார் என்று எங்ஙனம் துணிவது? கோலின் இயல்பை அதனைப் பிடித்திருந்தவரினும் அவரே நன்கறிந்திருந்தார் என்பதே நம் கருத்து.

தர்ஸ்டனைக் குறை கூறுவதோடு நம் கடமை முடிந்துவிடாது. தமிழாசிரியர்களாகிய நம் கையிலும் ஒரு கோல் உண்டு. அதுவே சங்க இலக்கியம். எயிற்றியர் நிலத்தை அகழ்ந்து புல்லரிசி சேர்ப்பதைப் பெரும்பாணாற்றுப்படை கூறுகிறது. எலிவளையைத் தோண்டி நெல்லெடுக்கும் இருளரைக் கண்டவுடன் அவ்வடிகளை ஒப்புக்காட்டி மகிழ்கிறோம். ஒப்புமை ஆராயத்தக்கதே. எனினும் வளையில் நெல் தேடுவோர்க்கு அது பழைமையின் எச்சமன்று, அற்றைநாள் உணவு. ஏரிகள் சுருங்கி, தொழிற்பேட்டைகள் எழுந்து, செங்கற் சூளையும் அரிசி ஆலையும் வேலையிடங்களாகிவிட்ட இற்றை வாழ்வை ஒதுக்கி, பண்டைய எயினராக மட்டும் அவரைக் காண்பது மற்றோர் உடலளவையே ஆகும்.

சில ஆண்டுகளுக்கு முன் பூந்தமல்லிக்கு மேற்கேயுள்ள ஒரு குடியிருப்பிற்கு மாணவர் சிலருடன் சென்றிருந்தோம். கன்னியம்மன் பாடல் ஒன்றைப் பாடிய மூதாட்டி, இதனை எழுதிக்கொண்டு போனால் சாதிச் சான்றிதழ் கிடைக்குமா என வினவினார். நாம் தெளிவாக விடை கூறவில்லை. பாடல் இடையில் நின்றுவிடுமோ என்று அஞ்சினோம். அம்மௌனத்தைப் பொய் என்றே இன்று கருதுகிறோம். அப்பாடல் எம் தொகுப்பில் உள்ளது. அவரிடம் அதன் படி இல்லை.

வேறு வழி உண்டு என்பதற்குச் சான்று தொலைவில் இல்லை. பாம்புத்தோல் வாணிகம் தடையுற்றபின், 1978இல் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் நிறுவப்பட்டது. பாம்பைக் கொல்லாது நஞ்செடுத்து மீண்டும் விடுவிக்கும் இம்முறையில் இருளர் ஆய்வுப்பொருளாக நில்லாது, தம் அறிவுக்கு ஊதியம் பெறும் வல்லுநராக நிற்கின்றனர். வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவரும் 2023இல் பத்மசிறீ விருது பெற்றமை அவ்வறிவுக்குக் கிடைத்த மதிப்பாகும். தென்னாப்பிரிக்காவின் சான் மக்கள் 2017இல் தம்மை ஆராய வருவோர்க்குத் தாமே நெறித்தொகை வகுத்து வெளியிட்டமையும் இவண் நினைக்கத்தக்கது.

ஆகவே, கள ஆய்விற்குச் செல்வோர் மேற்கொள்ளற்பால சிலவற்றைக் கூறுவோம். வந்த நோக்கத்தையும், தம்மால் செய்ய இயலாதவற்றையும் முதற்கண் கூறுக. வழிபாடு, மருந்து முதலியவற்றுள் மக்கள் மறைக்க விரும்புவதைக் கேளாது விடுக. பாடியவர் பெயரை அவர் விரும்பியவாறே சுட்டுக; விரும்பாராயின் மறைக்க. எழுதியதை அச்சேறுமுன் அவர்க்குப் படித்துக்காட்டுக. அச்சேறியபின் படியொன்று சேர்ப்பிக்க. எல்லாவற்றினும் மேலாக, மறுப்பை ஆய்வின் தடையாகக் கொள்ளாது ஒரு விடையாகக் கொள்க.

நீலகிரியில் அளக்கப்படாது சென்ற அம்மனிதரின் உயரம் நமக்குத் தெரியாது. அவர் மறுத்த காரணம் தெரியும். தர்ஸ்டன் தொகுத்த அளவைகள் அனைத்தினும் அதுவே நமக்குப் பயன்படுவது.