ஸ்லைடில் உடைந்த தமிழ் எழுத்து - ஒரு சிறு வரலாறு



கல்லூரி செமினார் ஆகட்டும், மில் அலுவலகக் கூட்டம் ஆகட்டும், கோவையில் பலரும் பார்த்திருக்கக்கூடிய ஒன்று இது. பவர்பாயிண்ட் ஸ்லைடில் ஒட்டிய எக்ஸெல் அட்டவணையில் எண்கள் சரியாக இருக்கும். தமிழ்ப் பெயர்கள் மட்டும் புரியாத குறிகளாகவோ வெறும் கட்டங்களாகவோ தெரியும். ஏன் அப்படி?

எக்ஸெல் 1985ல் வந்தது. பவர்பாயிண்டை 1987ல் ஃபோர்தாட் என்ற வேறு நிறுவனம் வெளியிட்டது. அதே ஆண்டு மைக்ரோசாஃப்ட் அந்நிறுவனத்தை வாங்கியது. ஒரு மென்பொருளின் கோப்பை இன்னொன்றுக்குள் வைக்க 1990ல் ஓ.எல்.இ. என்ற முறை வந்தது. இதன்படி ஸ்லைடுக்குள் இரண்டு பொருள்கள் இருக்கும்: ஒன்று எக்ஸெல் கோப்பு, மற்றது அதன் படம். நம் கண்ணுக்குத் தெரிவது படம்தான். அந்தப் படத்திலும் எழுத்துகள் வரையப்பட்டிருக்காது. எழுத்தின் குறியெண்ணும் எழுத்துருவின் பெயரும் மட்டுமே இருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கணினி, வேறொன்றைப் போட்டுக் காட்டும்.

இங்கேதான் தமிழுக்குச் சிக்கல். 1990களில் ஆளுக்கொரு குறியீட்டில் எழுத்துரு செய்தார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு நடந்தது. அதன் பின் தமிழக அரசு டாம், டாப் என்ற இரு குறியீடுகளை ஏற்றது. டாப் முறையில் ஆங்கில எழுத்தும் எண்களும் தத்தம் இடத்திலேயே இருந்தன. மேல் பாதியில் தமிழ் அமர்ந்தது. அதனால்தான் எழுத்துரு இல்லாதபோதும் எண்கள் தப்பின, பெயர்கள் உடைந்தன.

யூனிகோடில் தமிழுக்கு 1991லேயே தனி இடம் கிடைத்தது. விண்டோஸ் 2000ல் லதா எழுத்துருவும் வந்தது. ஆனாலும் பழைய கோப்புகள் புழக்கத்தில் இருந்தன. 2010 ஜூன் 23 அன்று நம் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு தொடங்கியது. கூடவே தமிழ் இணைய மாநாடும் நடந்தது. அதே நாள் தேதியிட்ட அரசாணை யூனிகோடைத் தரமாக ஏற்றது. யூனிகோடு சரிவர இயங்காத இடத்துக்கு டேஸ் 16 என்ற மாற்றும் சொல்லப்பட்டது. டேஸ் 16க்கு அதற்கான எழுத்துரு கட்டாயம் வேண்டும். இல்லையென்றால் கட்டம்தான்!

சரி, இப்போது என்ன செய்யலாம்?

1. பழைய எழுத்தை லதாவுக்கு மாற்றினால் மட்டும் போதாது. குறியீடு மாற்றும் மென்பொருள் கொண்டு யூனிகோடாக்க வேண்டும்.

2. பிறகு ஸ்லைடில் அட்டவணையை இரட்டைக் கிளிக் செய்து திறந்து, திருத்திய பின் வெளியே கிளிக் செய்யுங்கள். படம் புதிதாக வரையப்படும்.

3. வரிகள் வெட்டுப்பட்டால், திறந்த நிலையிலேயே ஓரத்தை இழுங்கள். மூடிய நிலையில் இழுத்தால் படம்தான் நீளும்.

4. எதுவும் சரிவராவிட்டால் பி.என்.ஜி. படமாக ஒட்டலாம். திருத்த முடியாது, ஆனால் எழுத்து உடையாது.

இன்னொன்று. எக்ஸெல்லை உள்ளே பதித்தால் அதன் மற்ற ஷீட்டுகளும் கூடவே போகும். ஸ்லைடில் காட்டியது விலைப்பட்டியல் மட்டும் என்றாலும், பக்கத்து ஷீட்டில் உள்ள சம்பளக் கணக்கும் வாங்குபவர் கைக்குப் போய்விடும். அனுப்பும் முன் கவனியுங்கள்!

எண்ணுக்கு நம் கணினிகளில் முன்பிருந்தே ஒரே இடம் இருந்தது. தமிழ் எழுத்துக்கு அந்த இடத்தை வாங்கித் தர இத்தனை ஆண்டுகள், இத்தனை மாநாடுகள் தேவைப்பட்டன.