ஆன்டிபயாட்டிக் அல்லாத மருந்துகளும் பாக்டீரியாவின் எதிர்ப்புத்திறனும்

பாக்டீரியாவின் மருந்தெதிர்ப்புக்கு ஆன்டிபயாட்டிக்கை மட்டும் குற்றம் சொல்வது அரைகுறைக் கணக்கு. 2018இல் ஹைடல்பெர்க் ஆய்வாளர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மருந்துகளை 40 குடல் பாக்டீரியா வகைகள்மீது சோதித்தனர். மனித உடலைக் குறிவைத்த மருந்துகளில் 24%, ஒரு வகையின் வளர்ச்சியையாவது தடுத்தன. வளர்ச்சியைத் தடுக்கும் எதுவும், தாக்குப்பிடிப்பவற்றுக்கு இடம் விடும். ஆஸ்பிரினிலிருந்து உடலில் உருவாகும் சாலிசிலேட், ஈ.கோலை பாக்டீரியாவின் ‘மார்-ஆர்’ என்னும் அடக்கிப் புரதத்தை முடக்குகிறது. அதனால் மருந்தை வெளியே தள்ளும் பம்புகள் பெருகுகின்றன. சாலிசிலேட் நீங்கினால் இந்த எதிர்ப்பும் தணியும். மனச்சோர்வுக்கான ஃபுளுவாக்ஸெட்டின் விஷயம் அப்படியல்ல. அதே ஆண்டு ஆஸ்திரேலிய ஆய்வொன்றில், லிட்டருக்கு 100 மில்லிகிராம் செறிவில் 30 நாள் வளர்ந்த ஈ.கோலையில், வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகள் பெருகி, சந்ததிக்குக் கடத்தப்படும் பிறழ்வுகளே தோன்றின. இரத்தத்தில் அந்தச் செறிவு வராது என்ற மறுப்பு நியாயமானதே. ஆனால் குடல் பாக்டீரியா சந்திப்பது இரத்தத்தை அல்ல, மாத்திரை கரையும் குடலை. அங்கே செறிவு பல மடங்கு கூடலாம்.