பலவகை இயங்குதளங்கள் உள்ள அலுவலகத்துக்கு ஏற்ற விபிஎன் எது?

ஓர் அலுவலகத்தின் சர்வர் லினக்ஸில் இயங்கும். கணக்குப் பிரிவில் விண்டோஸ் கணினிகளும், வடிவமைப்பாளரிடம் மேக் கணினியும், களப்பணியாளர்களிடம் ஆண்ட்ராய்டு கைபேசிகளும் இருக்கும். இவற்றை இணையத்தின் வழியே பாதுகாப்பாக இணைப்பது விபிஎன் எனப்படும் மெய்நிகர் தனியார் வலையமைப்பு. சர்வரை மட்டும் கருத்தில் கொண்டு மென்பொருளைத் தெரிவு செய்தால், ஏதேனும் ஒரு சாதனம் இணைய முடியாமல் போகலாம். அதற்காகச் சர்வரை நேரடியாக இணையத்தில் திறந்துவைப்பது ஊடுருவலுக்கு வழிவகுக்கும். எனவே, சாதனங்களையும் அவற்றின் இயங்குதளப் பதிப்புகளையும் முதலில் பட்டியலிடுவது அவசியம்.

மூன்று முதன்மைத் தெரிவுகள்

ஓபன்விபிஎன்: 2001 முதல் பயன்பாட்டில் உள்ளது. ஏறக்குறைய எல்லா இயங்குதளங்களுக்கும் செயலி உண்டு. ஆனால் ஒவ்வொரு சாதனத்திலும் அதைத் தனியே நிறுவ வேண்டும். டிசிபி 443 போர்ட் வழியாகவும் இயங்கும் என்பதால், கட்டுப்பாடுகள் மிகுந்த விடுதி வைஃபையிலும் இணைப்புக் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

வயர்கார்டு: 2020 மார்ச்சில் வெளியான லினக்ஸ் கெர்னல் 5.6 பதிப்பில் சேர்க்கப்பட்டது. சிறிய நிரல், அதிக வேகம் ஆகியவை இதன் சிறப்புகள். யுடிபி வழியாக மட்டுமே இயங்குவதால், அது தடுக்கப்பட்ட இடங்களில் பயன்படாது. பயனர்பெயர், கடவுச்சொல் முறை இதில் இல்லை. சாதனத்துக்கு ஒரு சாவி வழங்கப்படும்.

ஐகேஇவி2/ஐபிசெக்: விண்டோஸ், மேக், ஐபோன், ஆண்ட்ராய்டு 11 மற்றும் அதற்குப் பிந்தைய பதிப்புகளில் இவ்வசதி உள்ளடங்கியுள்ளது. லினக்ஸ் சர்வரில் ஸ்ட்ராங்ஸ்வான் மென்பொருளை நிறுவலாம். தொடக்க அமைப்புப் பணி சற்றுக் கடினமானது.

தவிர்க்க வேண்டியது

எளிதாக அமைக்கலாம் என்பதற்காகப் பழைய பிபிடிபி முறையை நாடக் கூடாது. அதன் பாதுகாப்புக் குறைபாடுகள் காரணமாக, 2016-ல் வெளியான ஐஓஎஸ் 10, மேக்ஓஎஸ் சியரா பதிப்புகளிலிருந்து ஆப்பிள் அதை நீக்கிவிட்டது.

இந்திய விதிகள்

சந்தாதாரர் விவரங்களை விபிஎன் சேவை நிறுவனங்கள் 5 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும் என்று செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28-ல் உத்தரவிட்டது. நிறுவனங்களின் உள்பயன்பாட்டு விபிஎன்களுக்கு இது பொருந்தாது எனப் பின்னர் விளக்கமளித்தது. எனினும், கணினிப் பதிவுகளை 180 நாள்கள் வைத்திருப்பதும், குறிப்பிட்ட வகை இணையத் தாக்குதல்களை 6 மணி நேரத்துக்குள் தெரிவிப்பதும் நிறுவனங்களுக்குக் கட்டாயம்.

இறுதி முடிவுக்கு முன்

ஒவ்வொரு வகைச் சாதனத்தையும் அலுவலகத்துக்கு வெளியே, மொபைல் டேட்டாவில் இணைத்துச் சோதிக்க வேண்டும். கைபேசி தொலைந்தாலோ ஊழியர் விலகினாலோ, அந்த ஒரு சாவியையோ சான்றிதழையோ மட்டும் உடனே ரத்து செய்ய நிர்வாகிக்குத் தெரிந்திருக்க வேண்டும். எல்லோருக்கும் ஒரே சாவியை வழங்கியிருந்தால், எந்த மென்பொருளாலும் பயனில்லை.