சுமிதா ஆற்றங்கரையில் ஒரு நகரின் வரலாறு

டோக்கியோ மாநகரின் கிழக்கே, சுமிதா ஆற்றுக்கு அண்மையில், ரியோகோக்கு என்றொரு பகுதி உண்டு. சுமோ மற்போருக்குப் பெயர்பெற்ற இடம். அங்கே 1993 ஆம் ஆண்டில் எடோ-டோக்கியோ அருங்காட்சியகம் திறந்துவைக்கப் பெற்றது. பருத்த தூண்கள் நான்கின்மேல் தூக்கி நிறுத்திய மாளிகை அது. அமைத்தவர் கிக்குதாக்கே கியோனோரி. அழகென்று சொல்ல மனம் ஒப்பவில்லையாயினும், அதன் உயரத்தில் ஒரு பொருள் உண்டு. சுமார் 62 மீட்டர். பழைய எடோக் கோட்டையின் நடுக்கோபுரமும் ஏறத்தாழ அவ்வளவு உயரமே.

அக்கோபுரம் இன்றில்லை. 1657 இல் மூண்ட மெய்ரெக்கிப் பெருந்தீ அதனை விழுங்கிற்று. நகரின் பெரும்பகுதி சாம்பலாயிற்று; மாண்டவர் ஒரு லட்சம் பேர் என மரபு கூறும். காவல் கருதி, நகரை ஒட்டிய ஆற்றுப் பகுதியில் பாலம் அமைக்காது விட்டிருந்தனர் ஆட்சியாளர். தீக்கு அஞ்சி ஓடிவந்தோர் பலர் கரையிலே தடைப்பட்டு மடிந்தனர். அதன் பின்னரே ரியோகோக்குப் பாலம் எழுந்தது. கோபுரத்தை மீண்டும் எழுப்பக் கல்மேடையும் கட்டி முடித்தார்கள். அப்பொழுது இளம் ஷோகுனின் சிறிய தந்தையார் ஹோஷினா மஸாயுகி குறுக்கிட்டார். போர் ஓய்ந்த காலத்தில் கோபுரம் வேண்டா, ஊரைச் சீர்படுத்துவதே முதற்கடன் என்பது அவர் கருத்து. அவ்வாறே முடிவாயிற்று. அரசர் கட்டியவற்றையே பேசும் வரலாற்றில், கட்டாது விட்ட ஒன்று பேசப்படுவது அரிது! வெறும் கல்மேடையை அரண்மனைத் தோட்டத்தில் இன்றும் காணலாம்.

அருங்காட்சியகத்துள் நுழைவோர் நிஹோன்பாஷி மரப்பாலத்தின்மீது நடந்து செல்வர். பழைய பாலத்தின் பாதியை உண்மை அளவிலேயே சமைத்திருக்கிறார்கள். நாகயா என்னும் வரிசை வீடுகளும் உண்டு. ஒரே கூரையின்கீழ் மெல்லிய தடுப்புகளால் பிரித்த அறைகள். ஓர் அறை ஒன்பதடிக்குப் பன்னிரண்டடி. சமையலும் உறக்கமும் அதற்குள்ளேயே. பிழைப்பு நாடி வந்த தச்சரும் கூலியாளரும் இவற்றில் வாழ்ந்தனர். தில்லியிலும் பம்பாயிலும் ஒற்றை அறையில் குடித்தனம் நடத்திய நேயர்கள் இங்கே சற்று நின்று பார்க்கத்தான் செய்வார்கள்.

1868 இல் எடோ, டோக்கியோ ஆயிற்று. பெயர் மாறியும் தீ விடவில்லை. 1923 செப்டம்பர் 1 ஆம் நாள் நண்பகலில் நிலம் நடுங்கிற்று. அருங்காட்சியகம் இன்றுள்ள இடத்துக்கு அண்மையில், ராணுவ உடைக்கிடங்கு இருந்த வெற்றுத் திடலில் தஞ்சம் புகுந்தவர்களைத் தீச்சுழல் சூழ்ந்தது. சுமார் 38,000 பேர் அங்கே மாண்டனர். 1945 மார்ச் 10 ஆம் நாள் விடியுமுன் அமெரிக்க விமானங்கள் பொழிந்த குண்டுகளால் மாண்டவர் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர். அத்திடல் இப்பொழுது பூங்கா. அங்குள்ள நினைவு மண்டபத்தில் இரு பேரிடர்களிலும் மாண்டவர்களின் சாம்பல் ஒருங்கே வைக்கப்பெற்றுள்ளது. அருங்காட்சியகத்திலிருந்து நடந்தே சென்றுவிடலாம்.