காவல் மாறிய கதை

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பது ஆன்றோர் வழக்கு. மின்சாரத்தைக் கையாளக் கற்ற மனிதர் இவ்வுண்மையை உணரப் பட்ட பாடு சிறிதன்று.

முதல் அணை பிரான்சு நாட்டில் எழுந்தது. இடி மின்னலால் தந்திக் கருவிகள் பாழாவதைத் தடுக்க, 1847ஆம் ஆண்டில் லூயி பிரெகே என்பார் ஒரு வழி கூறினார். நிலையத்துள் நுழையும் கம்பியின் ஒரு பகுதியை மெல்லியதாக அமைத்தால், மின்னோட்டம் மிகும்போது அது உருகி அறும். கருவி பிழைக்கும் என்பதே அவ்வழி. வீடுதோறும் வழங்கிய பியூசின் வித்து இதுவே. 1890இல் எடிசன் தம் மின்வழங்கு முறைக்கெனப் பியூசுக்குக் காப்புரிமை பெற்றார்.

மிகுந்த ஓட்டம் ஒரு தீங்கு. மிகுந்த அழுத்தம் வேறொரு தீங்கு. 1858இல் அட்லாண்டிக் கடலடியில் இட்ட தந்திக் கம்பி இதற்குச் சான்று. செய்தி மெல்லச் செல்வது கண்ட ஒயிட்ஹவுஸ் என்னும் பொறுப்பாளர் ஏறத்தாழ 2,000 வோல்ட் அழுத்தத்தைச் செலுத்தினார். முன்னரே குறையுற்றிருந்த கம்பியின் உறை அதைத் தாங்கவில்லை. சில வாரங்களில் கம்பி ஊமையாயிற்று. தாம்சன் அமைத்த நுட்பமான கண்ணாடிக் கருவியோ மிகச் சிறு மின்னோட்டத்தையும் உணர வல்லது. வலிமை வேண்டிய இடத்தில் நுட்பமே வென்றது.

நுட்பம் பெருகப் பெருகக் காவலும் மாற வேண்டியதாயிற்று. 1974இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனம் கணக்கிடும் உறுப்பும் நினைவகமும் ஒரே சில்லில் அமைந்த மைக்ரோகண்ட்ரோலரை விற்பனைக்குக் கொணர்ந்தது. பின்னர் வந்தவற்றுள் பல 5 வோல்ட்டில் இயங்குவன. தேய்ந்த உறையின் வழியே 12 வோல்ட் கம்பி உணர்கருவியின் கம்பியைத் தொட்டுவிட்டால், அவ்வழுத்தம் முழுவதும் சில்லின் வாயிலில் பாயும். பியூஸ் உருகுமுன் சில்லு மாண்டுவிடும்.

இங்கே உதவுவது அறுக்கும் காவலன்று, ஒதுக்கிவிடும் காவல். திண்மக் காப்புப் பொருள்கள் மிகுந்த அழுத்தத்தில் எவ்வாறு மின்சாரத்துக்கு வழிவிடுகின்றன என்பதை அமெரிக்கரான கிளாரன்ஸ் சீனர் 1934இல் ஆராய்ந்து எழுதினார். அவர் பெயர் தாங்கிய சீனர் டையோடு குறித்த அழுத்தம் வரை வாளாவிருக்கும். அதைக் கடந்தால் மிகுதியை நிலத்துக்கு வடியவிடும். 10,000 ஓம் மின்தடையை வாயிலின் முன்னே தொடராக வைத்து, 5.1 வோல்ட் சீனரை வாயிலுக்கும் நிலத்துக்கும் இடையே இணைத்தால், 12 வோல்ட் வந்தாலும் ஒரு மில்லி ஆம்பியருக்கும் குறைவான ஓட்டமே பாயும். மின்தடை இல்லையேல் சீனரே எரிந்துபோகும். சீனர் இல்லையேல் சில்லினுள் அமைந்த சிறு டையோடுகளே சுமையைத் தாங்க நேரும்.

பழைய பியூசுக்கு ஓய்வில்லை. தடித்த கம்பியைத் தீயினின்று காப்பது அதன் கடமை. அணையும் வேண்டும், வடிகாலும் வேண்டும் என்பதே இவ்வரலாறு காட்டும் பாடமாகும்.