பேரேட்டில் ஏறாத பேர்கள்

2020 பங்குனியில் எங்கள் கொல்லையில் கத்திரி நல்ல காய்ப்பு. பறித்து மூட்டை கட்டினால் பாண்டி பெரிய மார்க்கெட்டுக்குப் போகும். எங்கள் ஊர் அக்கா ஒருத்தர் அங்கே நடைபாதையில் காய் விற்பவர். முதல் பஸ்ஸில் மூட்டையோடு போவார். மத்தியானத்துக்கு மேல் காசோடு திரும்பி வருவார். மார்ச் 24 ராத்திரி ஊரடங்கு அறிவித்தார்கள். மறுநாள் பஸ் இல்லை.

நகரத்தில் இருந்து படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லணும். பாண்டி எல்லை நேர்கோடு கிடையாது. பிரெஞ்சுக்காரனும் இங்கிலீஷ்காரனும் சண்டை போட்டுப் பிரித்துக்கொண்டதில் ஒரு ஊர் தமிழ்நாடு, அடுத்த ஊர் பாண்டி, அதற்கடுத்தது மறுபடியும் தமிழ்நாடு. சாதாரண நாளில் எல்லை எங்கே இருக்கிறதென்று சாராயக்கடை போர்டை வைத்துத்தான் கண்டுபிடிப்போம். அந்த வருஷம் அதில் கட்டை போட்டு போலீஸ் நின்றது. பெரிய மார்க்கெட் கூட்டத்தைக் குறைக்க, காய்கறிக் கடைகளைப் பஸ் ஓடாத புது பஸ் ஸ்டாண்டுக்கு மாற்றினார்கள். எங்கள் கத்திரி செடியிலேயே முற்றிப் பழுத்தது. மாட்டுக்குப் போட்டோம்.

புதுச்சேரி அரசு ரேஷன் அட்டைக்கு 2,000 ரூபாய் கொடுத்தது. தமிழ்நாட்டில் அரிசி அட்டைக்கு 1,000. அக்காவுக்கு அந்த ஆயிரம் வந்தது. எங்கள் மோட்டார் கொட்டாய் கட்ட வந்து மாட்டிக்கொண்ட பீகார் பசங்க நாலு பேருக்கு இரண்டும் இல்லை. அவர்கள் பேர் எந்த அட்டையிலும் இங்கே இல்லையே!

ஒரு கஷ்டம் வந்தால் உதவி யாருக்குப் போய்ச் சேருகிறது? பேர் எழுதப்பட்டவருக்கு. பாண்டியின் கதையைத் திருப்பிப் பார்த்தால் இது புதுசு இல்லை என்று தெரிகிறது.

1848-ல் பிரெஞ்சு ஆட்சி தன் காலனிகளில் அடிமை முறையை ஒழித்தது. ரீயூனியன், மார்த்தினிக், குவாதலூப் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. 1860, 1861 ஒப்பந்தங்கள் மூலம் பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்தும் ஆள் எடுக்க வழி கிடைத்தது. பாண்டியிலும் காரைக்காலிலும் ஆயிரக்கணக்கான தமிழர்கள் கப்பல் ஏறினார்கள். ஒவ்வொருவருக்கும் பேரேட்டில் பேர், வயசு, ஊர்; தீவில் இறங்கினால் ஒரு எண். அந்தப் பதிவுகளை வைத்துத்தான் இன்றைக்கும் அங்கே உள்ளவர்கள் தங்கள் பாட்டன் பூட்டன் ஊரைத் தேடுகிறார்கள். ஆனால் அது கூலிக்காரனுக்காக எழுதிய பேரேடு இல்லை. தோட்டத்தைவிட்டு ஓடினால் பிடிக்க எழுதியது.

அடுத்தது மில் பேரேடு. பாண்டியில் 1820-களிலேயே பஞ்சாலை வந்துவிட்டது; பிற்பாடு சவானா மில் என்று பேர் பெற்றது அதுதான். 1898-ல் முதலியார்பேட்டையில் ரோடியர் மில், பின்னாளில் ஏ.எஃப்.டி. சுற்றுக் கிராமத்து ஜனங்கள்தான் அங்கே வேலைக்குப் போனார்கள். 30 ஜூலை 1936 அன்று சவானா மில் வேலைநிறுத்தத்தில் துப்பாக்கிச் சூடு. 12 தொழிலாளிகள் செத்தார்கள். வ. சுப்பையா அந்தப் போராட்டத்தின் தலைவர். அடுத்த ஏப்ரலில் எட்டு மணி நேர வேலை சட்டமானது. சங்கம் வைக்கும் உரிமையும் வந்தது. அதுவரை சம்பளம் பிடிக்க மட்டும் உதவிய மில் பேரேடு, அதற்கப்புறம் உரிமை கேட்கவும் உதவியது. இன்றும் ஜூலை 30-ல் பாண்டியில் அந்தத் தியாகிகளுக்கு அஞ்சலி செலுத்துகிறார்கள்.

காலம் பண்ணும் வேலையைப் பாருங்கள். பல வருஷமாக முடங்கிக் கிடந்த ஏ.எஃப்.டி. மில்லை நிரந்தரமாக மூடிய நாள் 30 ஏப்ரல் 2020. ஊரடங்கு நடுவில்! ஆனாலும் அந்தத் தொழிலாளிகளுக்கு மூடும் ஈட்டுத்தொகை கேட்கச் சட்டத்தில் ஒரு இடம் இருந்தது. காரணம், அவர்கள் பேர் ஏட்டில் இருந்தது.

வெளிமாநிலத் தொழிலாளியின் கதை வேறே. 1979-லேயே அவர்களுக்கென்று சட்டம் வந்தது. ஐந்து பேரோ அதற்கு மேலோ அழைத்து வரும் கான்ட்ராக்டர் லைசென்ஸ் எடுக்கணும், விவரம் கொடுக்கணும் என்றது அந்தச் சட்டம். காகிதத்தில் எல்லாம் சரி. 2020 செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் கேட்டபோது, 1 கோடியே 4 லட்சம் பேருக்கு மேல் ஊர் திரும்பினார்கள் என்று அரசு சொன்னது. வழியில் செத்தவர்கள் எத்தனை பேர்? அந்தக் கணக்கு வைக்கவில்லை என்றது.

அக்கா எப்படி மீண்டார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1 ஜூன் 2020-ல் தெருவோர வியாபாரிகளுக்காக பி.எம். ஸ்வநிதி திட்டம் வந்தது. அப்போது ஜாமீன் இல்லாமல் 10,000 ரூபாய், ஒரு வருஷத் தவணை, ஒழுங்காகக் கட்டினால் 7 சதவீத வட்டி மானியம், அடுத்த சுற்றில் 20,000 என்று இருந்தது. ஊரடங்குக்கு முன்னாலேயே கடை போட்டவராக இருக்கணும், அதற்கு அத்தாட்சி வேண்டும் என்பது அன்றைய விதி. கிராமத்திலிருந்து வந்து விற்பவர்களுக்கும் உண்டு. கணக்கெடுப்பில் விட்டுப்போனவர்களுக்கு நகராட்சி பரிந்துரைக் கடிதம் தரலாம்.

"பதினஞ்சு வருசமா அங்கதான் தம்பி குந்தியிருக்கேன். அத்தாட்சிக்கு எங்க போவேன்?" என்று கேட்டார் அக்கா. கணக்கெடுக்க வந்த அன்றைக்கு அவர் கடை போடவில்லையாம். கடைசியில் சுருக்குப்பையில் வெற்றிலைக்கு அடியில் மூணு அடிக்காசு ரசீது கிடந்தது. தினம் கொடுத்துத் தினம் தூக்கிப் போட்ட சீட்டில், போடாமல் விட்ட மூணு. பக்கத்து டீக்கடைக்காரரும் "இந்தம்மா இங்கதான் குந்தும்" என்று சாட்சி சொன்னார். நாலு தடவை அலைந்து கடிதம் வாங்கினோம்.

பத்தாயிரத்தில் வாழ்க்கை மாறிவிடாது. ஆனால் அதற்கு முன்னால் தண்டல்காரர் காலையில் 900 கொடுத்து சாயங்காலம் 1,000 வாங்குவார். அந்த நூறு ரூபாய் இப்போது அக்கா கையில் நின்றது. நானும் ஒரு மாசம் காயைக் கடனுக்குக் கொடுத்தேன். ஒரு வருஷத்தில் இரண்டையும் கட்டி முடித்தார். அடிக்காசு ரசீதை இப்போது ஒன்றுவிடாமல் கம்பியில் குத்தி வைக்கிறார்.

2021 ஆகஸ்டில் இ-ஷ்ரம் பதிவு வந்தது. 28 கோடிக்கும் மேற்பட்டோர் பேர் ஏறிவிட்டது. நல்லதுதான். அந்தப் பேரேடு கூலிக்காரனுக்காக எழுதினதா, சும்மா எண்ணிக்கைக்கா என்பது அடுத்த கஷ்டம் வரும்போது தெரியும்.

அரசாங்கத்தைக் குறை சொல்லிக்கொண்டே போன வாரம் என் பழைய கணக்கு நோட்டைப் புரட்டினேன். 2020 சித்திரைப் பக்கத்தில், சிமெண்டு மூட்டைக் கணக்குக்குக் கீழே, என் கையெழுத்தில் இருந்தது: "பீகார் பசங்க – 4. அரிசி 25 கிலோ. பாக்கி 3,200 கொடுத்தாச்சு."

ரெண்டு மாசம் எங்கள் கொட்டாயில் படுத்து, எங்கள் வீட்டுச் சோறு சாப்பிட்டவர்கள். ஒருத்தர் பேரும் எழுதவில்லை. ஊர் போய்ச் சேர்ந்தார்களா என்று கேட்க ஒரு நம்பரும் இல்லை.

இப்போது நடவுக்கு ஆள் வந்தால் பேர், ஊர், போன் நம்பர், மூணையும் முதலில் எழுதிக்கொள்கிறேன். கூலிக் கணக்கு அதற்குக் கீழே.